காரின் பிரேக்கில் காற்று எடுப்பதும் ஏ.பி.எஸ். அமைப்பைப் பேணுவதும்

பங்குனி மாதம். சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளித்த உளுந்தும் பயறும் காய்த்து முற்றி அறுவடைக்கு வந்துவிட்டன. களம் போதாமல் செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பியிருக்கிறார்கள். நீங்கள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் வருகிறீர்கள். எதிரே ஒரு பேருந்து. ஓரத்தில் செடியைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஓர் அம்மையார் பேருந்தைக் கவனித்துவிட்டு உங்கள் பக்கம் ஒதுங்குகிறார். பிரேக்கை மிதிக்கிறீர்கள். அது பஞ்சு மூட்டையை மிதித்தாற்போல் 'பொதுக்'கென்று அமுங்குகிறது. மறுபடி மிதித்தால்தான் பிடிக்கிறது. இந்த இரண்டாவது மிதிக்கு ஒரு வினாடி ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். அந்த 17 மீட்டரில்தான் ஓர் உயிர் இருக்கிறது.

இத்தகைய விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெரிய கோளாறு அன்று. பிரேக் குழாயில் புகுந்த சிறிது காற்று, அல்லது பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் ஈரம் ஏறிப்போன பிரேக் ஆயில், அவ்வளவே. இன்று சிற்றூர்களிலும் பழைய கார், சிறு சுமை வண்டி வாங்கி, விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச்செல்வதும் குடும்பத்தாருடன் போய்வருவதும் பெருகிவிட்டன. டிராக்டரைப் பேணும் அக்கறையில் பாதியையேனும் இவ்வண்டிகளின் பிரேக்குக்குக் கொடுத்தால் பெருந்துன்பத்தைத் தவிர்க்கலாம். எதை நாமே செய்யலாம், எதைப் பணிமனைக்கு விட்டுவிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது?

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். இது பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. காரின் பிரேக் இந்த விதியை ஒட்டி அமைந்தது.

உதாரணமாக, பெடலை 20 கிலோ பலத்துடன் மிதிப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல் ஆகையால் அந்தப் பலம் ஐந்து மடங்காகி 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால், ஆயிலில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 25 கிலோ அழுத்தம் உண்டாகும். சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால், பிரேக் பேடை அது 500 கிலோ பலத்துடன் டிஸ்க்கின்மேல் அழுத்தும். காலால் கொடுத்த 20 கிலோ ஒரு சக்கரத்தில் 500 கிலோ ஆகிவிடுகிறது.

திரவம் அமுங்காது என்பதால்தான் இது நடக்கிறது. காற்று அப்படியன்று, அழுத்தினால் சுருங்கும். மேலே கூறிய அமைப்பில் பெடலை முழுவதும் மிதித்தாலும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் ஏறத்தாழ 12 கன செ.மீ.தான். குழாயில் 2 கன செ.மீ. காற்று இருந்தால், அது சுருங்குவதற்கே மிதியில் ஆறில் ஒரு பங்கு வீணாகிவிடும். அதனால்தான் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. இந்தக் காற்றை வெளியேற்றும் வேலையைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' அல்லது 'பிளீடிங்' என்கிறார்கள்.

ஈரம் என்ற மறைமுக எதிரி

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் அன்று. கிளைகால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடியின் சிறு துளை வழியாகவும், நுண்ணிய அளவில் ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் ஈரம் உள்ளே போய்ச் சேரும். கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் சிதம்பரம் வட்டாரம் முழுவதும் அப்படித்தான்.

நெல்லில் 17 சதவீத ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்களா என்று கவலைப்படுகிறோம். பிரேக் ஆயிலில் 4 சதவீதத்தை எட்டாத ஈரமே ஆபத்து. மூடி திறக்காத புதிய 'டாட் 3' ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு. 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 140 டிகிரிதான். 'டாட் 4' ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155 டிகிரி. பாரம் ஏற்றிய வண்டி அடிக்கடி பிரேக் பிடித்து ஓடும்போது சக்கரத்தின் அருகே வெப்பம் மிகுந்து, ஈர ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். அந்நேரம் பெடல் தரைவரை போய்விடும். வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பிரேக் சரியாக இருப்பதுபோல் தோன்றும். "நேற்று ஏனோ பிடிக்கவில்லை, இன்று நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவது இதனால்தான். அப்படி விட்டுவிடக் கூடாது.

ஈரம் உள்ளிருந்து துருவையும் உண்டாக்கும். துருத்துகள் ஏ.பி.எஸ். அமைப்பின் நுண்ணிய வால்வுகளில் சிக்கினால், ஒரு லிட்டர் ஆயிலின் விலையைப் பார்த்துச் சிக்கனம் செய்தவர் அதைப்போல் பல மடங்கு செலவிட்டு முழு அமைப்பையும் மாற்ற நேரிடும்.

ஏ.பி.எஸ். என்பது என்ன?

ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் இவ்வாறு இறுகாமல் காப்பதே ஏ.பி.எஸ். இவ்வகை ஏற்பாடு 1950-களிலேயே விமானச் சக்கரங்களில் இருந்தது. மின்னணு முறையில் நான்கு சக்கரங்களுக்கும் அமைந்த ஏ.பி.எஸ்.ஸை பாஷ் நிறுவனம் 1978-இல் வெளியிட்டது. மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது முதலில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் இது கட்டாயமாயிற்று. ஆகவே நீங்கள் இனி வாங்கும் பழைய காரிலும் ஏ.பி.எஸ். இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இதன் வேலையை நம் வாய்க்கால் மடையைக் கொண்டு விளக்கலாம். வயலுக்கு நீர் பாயும் பாய்ச்சல் மடை ஒன்று. வடிகால் மடை ஒன்று. வடிந்த நீரை மறுபடி வாய்க்காலுக்கு இறைக்கும் மோட்டார் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ். பெட்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதேபோல் இரண்டு வால்வுகள் உண்டு. சாதாரண நேரத்தில் பாய்ச்சல் வால்வு திறந்தும், வடிகால் வால்வு மூடியும் இருக்கும். மிதித்த அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போகும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சென்சார், பல் வளையத்தைப் பார்த்துச் சுழலும் வேகத்தைக் கணக்கிட்டபடி இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் குறைந்து இறுகப்போகிறது என்று தெரிந்தால், பாய்ச்சல் வால்வு மூடும். வடிகால் வால்வு திறக்கும். அழுத்தம் குறைந்து சக்கரம் மீண்டும் சுழலும். வடிந்த ஆயிலைச் சிறு பம்பு மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பி அனுப்பும். வினாடிக்குப் பல முறை இது நிகழும். அப்போது பெடலில் 'கடகட'வென்று அதிர்வு தெரியும். அது கோளாறு அன்று. அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியை ஓட்டும் முறை

ஈரச் சாலையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று பழைய வண்டிகளில் பழகியவர்கள் பலர். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அது தவறு. ஆபத்து நேரத்தில் ஓங்கி மிதித்து, வண்டி நிற்கும்வரை காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே, ஸ்டியரிங்கால் விலகிச் செல்ல வேண்டும். விட்டு விட்டு மிதிக்கும் வேலையை அந்த அமைப்பே நம் காலைவிட விரைவாகச் செய்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கிப் பிரேக் பிடிக்காதபோது மட்டும் பலமுறை மிதித்து அழுத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி நேர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி, பழுது பார்க்காமல் ஓட்டக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். உதிர்ந்த சரளை, மணல், சாலையில் பரப்பிய வைக்கோல் அல்லது செடி ஆகியவற்றின்மீது ஏ.பி.எஸ். வண்டி நிற்கும் தூரம் கூடவும் செய்யும். வண்டி திரும்பும் வசதி காக்கப்படுமே தவிர, தூரம் எப்போதும் குறையும் என்பதில்லை. வேகத்தைக் குறைத்துச் செல்வதே பாதுகாப்பு.

எச்சரிக்கை விளக்குகள்

சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். என்று எழுதிய மஞ்சள் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். இதைக் கொண்டு அறிய வேண்டியவை:

1. மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் இருக்கும். மெதுவாக ஓட்டிப் பணிமனைக்குச் செல்லலாம். இந்நிலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகும் என்பதை நினைவில் கொள்க.

2. சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், முதலில் கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆயில் குறைந்திருக்கலாம், கசிவு இருக்கலாம். வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

3. இரண்டும் சேர்ந்து எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். பின் சக்கரம் இறுகி வண்டி சுழன்றுவிடும் அபாயம் உண்டு. ஓட்ட வேண்டாம்.

4. சாவியைத் திருப்பும்போது மஞ்சள் விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறே. பழைய கார் வாங்கும்போது இதைத் தவறாமல் பாருங்கள். கோளாற்றை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கக் கூடும்.

காற்று எடுக்கும் முன்

பெடல் பஞ்சுபோல் இருந்தால், முதலில் காற்று எப்படிப் புகுந்தது என்று கண்டறிய வேண்டும். நான்கு சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டரின் அடிப்புறம் ஆகிய இடங்களில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர்க் குழாயில் வெடிப்பு, உப்பல் இருந்தால் மாற்றுங்கள். கசிவை அடைக்காமல் காற்று எடுப்பது, வரப்பு உடைப்பை அடைக்காமல் நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பாகும். டப்பாவில் ஆயில் மட்டம் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் பிரேக் பேடு தேய்ந்ததாலும் இருக்கலாம். பேடையும் பார்க்க வேண்டும்.

தேவையானவை: வண்டிக்கு ஏற்ற பிரேக் ஆயில் ஒரு லிட்டர், மூடி திறக்காதது, பிளீடர் நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், நிப்பிளில் இறுகப் பொருந்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இரண்டு அடி, ஒரு கண்ணாடிப் புட்டி, சுத்தமான துணி, ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, உதவிக்கு நம்பகமான ஓர் ஆள்.

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதையே பயன்படுத்த வேண்டும். 'டாட் 5' என்பது சிலிக்கோன் வகை, ஏ.பி.எஸ். வண்டிக்கு ஆகாது. 'டாட் 5.1' வேறு, பெயர் ஒற்றுமையால் ஏமாற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கிறதே என்று டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பருத்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் முதல் ஏ.பி.எஸ். பெட்டி வரை எல்லாம் கெட்டுவிடும். அதேபோல் பிரேக் ஆயிலை டிராக்டரில் ஊற்றுவதும் கூடாது. பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய், பெட்ரோல் உதவாது.

காற்று எடுக்கும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பின் அச்சில் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள சுமை வண்டிகளில், பின்பக்கத்தை உயர்த்தாமல் தரையில் நிறுத்தியே வேலை செய்யுங்கள்.

2. ஆயில் டப்பாவின் வெளிப்புறத்தை நன்கு துடைத்தபின் மூடியைத் திறங்கள். பழைய ஆயில் கறுத்திருந்தால் சுத்தமான புதிய ஊசிக்குழலால் பெரும்பகுதியை உறிஞ்சியெடுத்து, புதிய ஆயிலை ஊற்றுங்கள். டப்பா அடியோடு காலியாகக் கூடாது.

3. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொதுவான முறை. நம் நாட்டு வண்டிகளில் இது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையாக அமையும். சில வண்டிகளில் வரிசை மாறும். வண்டியுடன் வந்த கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

4. நிப்பிளின் தொப்பியை எடுத்து, சுற்றியுள்ள சேற்றைத் துடைத்து, ஸ்பேனரை மாட்டியபின் பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். புட்டியில் சிறிது பிரேக் ஆயில் ஊற்றி, குழாயின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கச் செய்யுங்கள்.

5. உதவியாள் பெடலை மெதுவாக மிதித்து, "பிடித்திருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். காற்றுக் குமிழிகளுடன் ஆயில் வெளிவரும். பெடல் கீழே இறங்கும்.

6. பெடல் இறங்கிய நிலையிலேயே இருக்க, நீங்கள் நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, செய்த வேலை வீணாகும். இந்த ஒரு விதியில்தான் பலர் தவறுகிறார்கள்.

7. சில வினாடிகள் கழித்து மறுபடி செய்யுங்கள். குமிழிகள் நின்று, தெளிந்த புதிய ஆயில் வரும்வரை தொடருங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். மட்டம் குறைந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும், ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போகவும் கூடும்.

8. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும். வாஷர் அதில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்வது நலம்.

9. நிப்பிள் சிறிய, உள்ளீடற்ற திருகு. முறுக்கிப் பிடித்தால் ஒடிந்துவிடும். கசியாத அளவுக்கு இறுக்கித் தொப்பியைப் போடுங்கள்.

எவ்வளவு எடுத்தும் ஒரு முன் சக்கரத்தில் காற்று தீரவில்லை என்றால், நிப்பிள் காலிப்பரின் மேற்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழுது பார்த்தபோது இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பொருத்தியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று எப்போதும் மேலேதான் தங்கும் ஆதலால் அது வெளியேற வழியிராது.

ஏ.பி.எஸ். வண்டிக்கு உரிய வேறுபாடு

சாதாரண நேரத்தில் பாய்ச்சல் வால்வு திறந்தே இருப்பதால், ஆயில் மாற்றுவதற்கும், சக்கரத்தருகே புகுந்த காற்றை எடுப்பதற்கும் மேற்கூறிய முறையே பெரும்பாலான ஏ.பி.எஸ். கார்களுக்குப் போதும். ஆனால் மூடிய வடிகால் வால்வுக்கு அப்பாலும் பம்பிலும் உள்ள பகுதி, பெடலை மிதிப்பதால் மட்டும் திறக்காது. டப்பா காலியாகி ஓடியிருந்தாலும், ஏ.பி.எஸ். பெட்டியைக் கழற்றியிருந்தாலும், மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருந்தாலும் காற்று அந்தப் பகுதியில் தங்கியிருக்கலாம். அப்போது, முறைப்படி ஒருமுறை காற்று எடுத்தபின் ஸ்கேனர் கருவியை வண்டியில் இணைத்து, வால்வுகளைத் திறந்து பம்பை ஓடவிட்டு, பிறகு மீண்டும் நான்கு சக்கரங்களிலும் காற்று எடுக்க வேண்டும். இது அந்தக் கருவி உள்ள பணிமனையில் செய்ய வேண்டிய வேலை. "ஸ்கேனர் எதற்கு, மிதித்து மிதித்தே எடுத்துவிடலாம்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். தங்கிய காற்று, ஏ.பி.எஸ். இயங்கும் ஆபத்தான வேளையில் வெளிப்பட்டுப் பெடலைத் தளர்த்திவிடும்.

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் ஆகியவற்றின் பிரேக் அமைப்பு வேறு. சிலவற்றில் எஞ்சினை நிறுத்திய பிறகும் மிகுந்த அழுத்தம் தேங்கியிருக்கும். அவற்றில் வீட்டில் கைவைக்க வேண்டாம்.

புதிய பேடு மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அப்போது நிப்பிளைத் திறந்து, பழைய ஆயிலை வெளியே விட்டபடி தள்ளி, உடனே நிப்பிளை மூடுங்கள். திறக்காமல் தள்ளினால் காலிப்பரில் படிந்த அழுக்கு ஏ.பி.எஸ். வால்வுகளை நோக்கிப் போகும்.

வேலை முடிந்தபின் சோதனை

எஞ்சினை இயக்காமல் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, பின் அழுத்திப் பிடித்தால் கல்போல் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்திருந்தும் இறங்கக் கூடாது. மெல்ல இறங்கினால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும். இது பூஸ்டர் சரியாக இருப்பதற்கு அடையாளம். விளக்குகள் அணைந்தனவா என்று பார்த்தபின், ஆளில்லாத இடத்தில் முதலில் நடை வேகத்திலும், பிறகு 20 கி.மீ. வேகத்திலும் பிரேக் பிடித்துப் பாருங்கள். திருப்தியானால் மட்டுமே சாலைக்கு எடுங்கள். ஐயம் இருந்தால் ஓட்ட வேண்டாம்.

நம் வட்டாரத்துக்கு உரிய பராமரிப்பு

வயல் சேறு: சென்சாரிலும் பல் வளையத்திலும் சேறு அடைந்தால் கணக்கு தவறி விளக்கு எரியும். சேறு காய்வதற்கு முன் சாதாரணக் குழாய் நீரால் கழுவுங்கள். பம்பின் பீச்சலைச் சென்சார், கம்பி இணைப்பு ஆகியவற்றின்மேல் நேராக அடிக்க வேண்டாம்.

சாலையில் பரப்பிய செடி: உளுந்துச் செடியும் வைக்கோலும் அச்சில் சுற்றி, சென்சார்க் கம்பியை இழுத்து அறுத்துவிடும், சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். அத்தகைய சாலையில் வந்தபின் வண்டி ஆறியதும் குனிந்து பார்த்து, சுற்றியதைக் கையால் எடுத்துவிடுங்கள். அரிவாளால் அறுத்தால் கம்பியும் சேர்ந்து அறுபடும். விளைபொருளைச் சாலையில் பரப்பாமல் களத்திலும் தார்ப்பாயிலும் உலர்த்துவதே உங்களுக்கும் மற்றவர்க்கும் நலம்.

உப்புக்காற்று: கடலோர ஊர்களில் இரும்புப் பிரேக் குழாய்கள் வெளிப்புறம் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை உயர்த்திப் பாருங்கள். பல் வளையத்துக்கு அடியில் துரு உப்பினால், மெதுவாக நிற்கும்போதுகூட ஏ.பி.எஸ். காரணமின்றி அதிரும்.

வெள்ளம்: 2015 நவம்பர், டிசம்பர் மாத வெள்ளத்தையும், 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரைபுரண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. நீரில் மூழ்கிய வண்டியை இயக்கிப் பார்க்கக் கூடாது. ஆயில் டப்பா மூழ்கியிருந்தால் பிரேக் ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும். சக்கரப் பேரிங்கு, சென்சார், மின் இணைப்புகள் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலையில் தேங்கிய நீரைக் கடந்து வந்தபின், மெதுவாகச் சென்றபடி பெடலை இலேசாக மிதித்துப் பிரேக்கை உலர்த்துங்கள்.

டயர்: நான்கு டயர்களும் ஒரே அளவாகவும், காற்றழுத்தம் சரியாகவும் இருக்க வேண்டும். அளவு மாறிய டயர் வேறு வேகத்தில் சுழலுவதால் ஏ.பி.எஸ். குழம்பும்.

ஆயில் மாற்றம்: கையேட்டில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வண்டி குறைவாக ஓடினாலும் ஈரம் ஏறுவது நிற்காது. பழைய வண்டி வாங்கினால் உடனே மாற்றிவிடுவது நலம். மாற்றிய தேதியைத் தாளில் எழுதி டப்பாவின் அருகே ஒட்டுங்கள். திறந்து வைத்த ஆயிலை அடுத்த முறைக்கென்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

முன்னெச்சரிக்கை

பிரேக் ஆயில் நஞ்சு. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் குடித்துவிடக் கூடும். கண்ணில் பட்டால் நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்டியின் பெயிண்டில் பட்டால் அரிக்கும்; உடனே நீர் ஊற்றிக் கழுவுங்கள். வெளியே எடுத்த ஆயிலை மறுபடி ஊற்றவும் கூடாது. வாய்க்காலிலும் கிணற்றருகிலும் கொட்டவும் கூடாது. மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

விதைக்கு முன் விதையைச் சோதிக்கிறோம். மழைக்கு முன் வரப்பைப் பார்க்கிறோம். அதேபோல் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறந்ததும், வடகிழக்குப் பருவமழை வருமுன், ஒரு காலைப்பொழுதைப் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். ஆயில் மட்டம், கசிவு, பேடு, விளக்கு, பெடலின் உறுதி ஆகிய ஐந்தையும் பார்க்க அரை மணி நேரம் போதும். வண்டி புறப்படாவிட்டால் ஒரு நாள் சந்தை தவறும். அதை மறுநாள் ஈடுசெய்யலாம். வண்டி நிற்காவிட்டால் நேரும் இழப்பை எந்த அறுவடையும் ஈடுசெய்யாது.